வீட்டுல கேட்டுச் சொல்றேன்

"வால் நீளமாம்" என்றார் மடிப்புக்காரர்.

"யாருக்கு?" என்றாள் மனைவி, எழுதிக்கொண்டிருந்த உறையிலிருந்து தலையை எடுக்காமல்.

"உன்னோட ழகரத்துக்கு. வாத்தியார் இப்பத்தான் வந்துட்டுப் போனார். பேரெல்லாம் முத்து முத்தா இருக்காம். ழகரத்துக்கு மட்டும் வால் கொஞ்சம் நீண்டுபோச்சுன்னு அவங்க வீட்டுல சொல்றாங்களாம்."

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுதிய பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்குங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. நீங்களே சொன்னதில்லை."

"நான் எல்லாத்தையும் தலைகீழாத்தானே பார்க்கிறேன்? எனக்கு அது வாலே இல்லை, கொம்பு."

அது உண்மைதான். கல்யாணப் பத்திரிகைக் கடையின் பின்னறையில் ஒரே ஒரு நீள மேசை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் உறைகளில் பெயர் எழுதுவாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பத்திரிகைகளை மடிப்பார், உறைகளுக்குப் பசை தடவுவார், நாடா கட்டுவார். அக்கம்பக்கத்தில் அவளுக்கு எழுத்தம்மா என்று பெயர், அவருக்கு மடிப்புக்காரர். அந்தக் கடையைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் எழுத்துக்காக வந்தவர்கள். மடிப்புக்காக ஒரு ஆளும் வந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை.

"அப்ப வாலைக் குறைச்சுடலாமா?"

"குறைக்கத்தான் போறேன். ஆனா உடனே ஒத்துக்கிட்டா மரியாதை இல்லை. ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருக்கேன். அப்புறம் சமாதானமாப் போயிடலாம். நேர்ல பார்த்தா நானும் அந்தம்மாவும் நல்லா ஒட்டிக்குவோம்னு தோணுது." அவள் பேனா முனையைக் கழுவ எழுந்தாள். "மை காயலை. மேல கையை வெச்சுடாதீங்க."

"இத்தனை வருஷத்துல என்னிக்காவது வெச்சிருக்கேனா?"

"போன வாரம் வெச்சீங்க."

போன வாரம் வைத்திருந்தார். அதனால் குனிந்து அடுத்த பத்திரிகையை மடிக்கத் தொடங்கினார். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பேனா முனையைக் கழுவ எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட அதிக நேரம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருதயம், என்றார் டாக்டர். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். குழாயை யார் மூடினார்கள் என்பது மடிப்புக்காரருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அவளைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார்கள். எப்படி எழுதினாள், எப்படிச் சிரித்தாள், எப்படி இருந்தாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இருந்தாள், இருந்தாள் என்று கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போயிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு அவருடைய அக்கா மட்டும் துணைக்குத் தங்கினாள்.

அப்போதுதான் வாத்தியாரிடமிருந்து போன் வந்தது.

வாத்தியார் என்பவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறுகோடியில் வீடு. மகளுக்குக் கல்யாணம். இரண்டு பெயர், ஒரு தேதி, ஒரு மண்டபம் என்று நான்கே வரியில் பத்திரிகை அடிக்கச் சொன்னவர். "பெத்தவங்க பேரு போடலையா சார்?" என்று மடிப்புக்காரர் கேட்டதற்கு, "பொண்ணு வேண்டாம்னுட்டா, இப்ப இதுதான் பேஷனாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் உறையின் மேல் பெயரைக் கையால்தான் எழுத வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். கையெழுத்தில் இருந்தால்தான் கூப்பிட்ட மாதிரி இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வாத்தியார் எதற்கும் தானாகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. மையின் நிறமானாலும் நாடாவின் அகலமானாலும், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பார். மறுநாள் வந்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே ஒப்பிப்பார்.

"என்ன சார், கடை பூட்டியிருந்துச்சே?" என்றார் போனில்.

மடிப்புக்காரர் வாயைத் திறந்தார். இந்த ஒரு வாரத்தில் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிவிட்டார். ஆனால் அதற்குள் வாத்தியார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அந்த வால் விஷயம் என்னாச்சு சார்? எங்க வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க வீட்டுல என்ன சொல்றாங்க?"

உங்க வீட்டுல என்ன சொல்றாங்க. ஒரு வாரமாக அவரிடம் ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை. மடிப்புக்காரர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"முறைச்சுக்கிட்டு இருக்கா" என்றார். அவள் சொல்லிவிட்டுப் போனதைத்தானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். "ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

"ஐயையோ" என்றார் வாத்தியார். குரலில் நிஜமான கவலை தெரிந்தது.

போனை வைத்த பிறகும் மடிப்புக்காரர் அதன் பக்கத்திலேயே நின்றார். ஊரில் எல்லா வீட்டிலும் அவள் போய்விட்டாள். வாத்தியார் வீட்டில் மட்டும் ழகரத்தின் வாலுக்காக முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உறைகள் முடிகிற வரைக்குமாவது அவள் அங்கே அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் மறுநாளே தெரிந்துவிட்டது. உறைகளில் பாதிதான் அவள் எழுதியிருந்தாள். மீதிப் பாதியை யார் எழுதுவது?

மடிப்புக்காரர் கடையைத் திறந்தார். அவள் எழுதிய உறைகளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் வெற்று உறையை வைத்து, வெயில் வெளிச்சத்தில் எழுத்தை அப்படியே வரைந்து பார்த்தார். ஆனால் ஜன்னலில் இருக்கிற பெயர் வேறு, எழுத வேண்டிய பெயர் வேறு. ஒருவரிடம் ககரம், இன்னொருவரிடம் லகரம், எங்கோ ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பாவிடம் ஒற்றைக்கொம்பு என்று, ஒரு பெயரை எழுதி முடிக்க ஊர்ப்பட்ட சொந்தக்காரர்களிடம் எழுத்துக் கடன் வாங்க வேண்டியிருந்தது. எழுதி முடித்த பெயர்களைப் பார்த்தால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் குடும்பப் படத்துக்காக வரிசையில் நிற்க வைத்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றது.

வாத்தியார் வந்து பார்த்தார். கண்ணை ஒரு நிமிடம் மூடித் திறந்தார்.

"வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க சார்."

"காட்டாமலே தெரியுமா?"

"எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், தெரியாதா?" வாத்தியார் கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது...?"

சொல்லிவிடலாம். இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. மடிப்புக்காரர் தொண்டையைச் செருமினார்.

"கையில சுளுக்கு" என்றார்.

மறுநாள் காலையில் வாத்தியார் ஒரு தைலக் குப்பியோடு வந்து நின்றார்.

"வீட்டுல அவங்களுக்கும் ஒரு தடவை இதே மாதிரி ஆச்சு. இதைத் தடவி, துணி சுத்திக்கிட்டுப் படுத்தா காலையில கை பஞ்சா ஆயிடும்னு சொல்லி அனுப்பினாங்க."

குப்பியின் மூடி இறுகிப்போயிருந்தது. மடிப்புக்காரர் திருகினார். வாத்தியார் வாங்கித் திருகினார். பிறகு ஒருவர் குப்பியைப் பிடிக்க, இன்னொருவர் துண்டைப் போட்டு மூடியைப் பிடிக்க, இரண்டு பேருமாகக் கல்லாப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று இழுத்தார்கள். படக்கென்று திறந்துகொண்டது. உள்ளே தைலம் காய்ந்து, சோப்புக் கட்டி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பழசு" என்றார் வாத்தியார், குப்பிக்குள் பார்த்தபடி. "வீட்டுல இப்ப அவ்வளவா உபயோகப்படுத்தறதில்லை."

"வாசனை அப்படியே இருக்கே."

"ஆமா" என்றார் வாத்தியார். "வாசனை போகலை."

அவர் போன பிறகு, உள்ளேயிருந்து வந்த அக்கா மோந்து பார்த்தாள்.

"என்னடா தைல வாசனை? உனக்கு எங்க சுளுக்கு?"

"எனக்கு இல்லை."

"பின்ன எனக்கா?"

மடிப்புக்காரர் குப்பியை எடுத்து அலமாரியில் மையோடு மையாக வைத்தார்.

சுளுக்கு குணமாக வேண்டிய நாள் வந்தது. அடுத்த தெருவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் போர்டுக்காரரிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் போர்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாவுக்காக எழுதறேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க கவலையே படாதீங்க."

மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்த ஆள் வாழ்நாளில் ஏணியை விட்டு இறங்கி எழுதியதில்லை. உறையைச் சுவரில் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே எழுதினார். நிழல் கொடுக்காமல் அவருக்கு எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு சிவப்பு நிழல் விழுந்தது. உறையின் இந்த ஓரத்தில் தொடங்கிய பெயர் அந்த ஓரத்தை இடித்துக்கொண்டு நின்றது. ஒன்றில் பழக்கதோஷத்தில் அம்புக்குறி கூடப் போட்டுவிட்டார்.

"எதிர் வரிசையில நின்னு பார்த்தாலும் படிக்கலாம்" என்றார் பெருமையாக.

வாத்தியார் அந்த உறைகளைக் கையில் வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவங்க இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"எழுத்து சத்தம் போடுதே சார்." வாத்தியார் தாழ்ந்த குரலில் சொன்னார். "எல்லாம் அந்த வால் விஷயம்தான். நான் வந்து சொல்லியிருக்கவே கூடாது. வீட்டுல ஆயிரம் சொல்லுவாங்க, அதையெல்லாம் அப்படியே கொண்டுவந்து கொட்டலாமா? என் தப்பு."

இதை மடிப்புக்காரர் எதிர்பார்க்கவில்லை. போர்டுக்காரர் எழுதிய எழுத்துக்கு அவள் மேல் பழி விழுகிறது. அவளா சத்தம் போடுகிறவள்? வாழ்க்கையில் ஒருமுறை கூடக் குரல் உயர்த்தியதில்லை. அவள் பெயரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று அவசரமாக வாயைக் கொடுத்தார்.

"அவ அந்த மாதிரி ஆளே இல்லை சார். உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு இருக்குன்னு முதல் நாளே சொன்னா. நேர்ல பார்த்தா ஒட்டிக்குவோம்னு கூடச் சொன்னா."

"அப்படியா சொன்னாங்க?"

"என் காதால கேட்டேன்."

வாத்தியார் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத்தான் துடைக்கிறார் என்று மடிப்புக்காரரும் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் கடைக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"சார், வீட்டுல சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. வால் நீளமாவே இருக்கட்டும்னு சொல்லச் சொன்னாங்க."

"சேச்சே, அதெல்லாம் வேண்டாம். குறைச்சுக்கறேன்னு இவ சொல்லிட்டா."

"இல்லை சார், நீளமா இருந்தாத்தான் அழகுன்னு வீட்டுல சொல்றாங்க."

"குறைச்சாத்தான் லட்சணம்னு இவ சொல்றா."

"நான் போய் என்னன்னு சொல்றது? நீளம்தான்னு முடிவா சொல்லி அனுப்பியிருக்காங்க."

"எனக்கு மட்டும்? குறைக்காம உள்ள வராதீங்கன்னுட்டா."

வீட்டில் ஒரு திரைச்சீலையின் நிறத்தைக்கூடத் தானாக முடிவு செய்திராத இரண்டு ஆண்கள், கல்லாப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இறுதியில் வால் நடுத்தரமாக இருக்கலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

"ஒருநாள் அவங்க ரெண்டு பேரையும் நேர்ல உக்கார வெச்சுட்டா போதும் சார்" என்றார் வாத்தியார், உற்சாகத்தில். சொல்லிவிட்டு, ஏதோ கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் மாதிரி சட்டென்று நிமிர்ந்தார். "இப்ப இல்லை. கல்யாண வேலை தலைக்கு மேல இருக்கு. எல்லாம் முடியட்டும்."

"அதேதான் இவளும் சொல்றா" என்றார் மடிப்புக்காரர், அவரைவிட வேகமாக. "அவசரமே இல்லை."

"அவசரமே இல்லை" என்றார் வாத்தியார்.

அவர் தலை மறைந்ததும் திரையை விலக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். எத்தனை நேரமாக அங்கே நின்றிருந்தாளோ.

"யாருடா குறைக்காம உள்ள வராதேன்னு சொன்னது?"

அவர் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உன்னைத்தாண்டா கேக்கறேன். யாருக்கு சுளுக்கு? யாரு கோவிச்சுக்கிட்டது, யாரு சமாதானமானது?"

"அந்த வீட்டுல அவ இன்னும் இருக்காக்கா" என்றார். "நான் சொல்லிட்டா அங்கயும் போயிடுவா."

அக்காவுக்குத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. திட்டவில்லை. அவர் பின்னாலேயே பின்னறைக்குள் வந்து, அவர் மனைவியின் நாற்காலியில் உட்காரப் போனவள், அதைத் தள்ளிவிட்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"சரி. அந்த மனுஷன்கிட்ட சொல்ல உனக்கு வாய் வராது, வேண்டாம். அவர் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு. பொம்பளை, புரிஞ்சுக்குவா. பாவம் அந்தம்மா, வராத சிநேகிதிக்காக அங்க காத்துக்கிட்டு இருப்பா. அது பாவம் இல்லையா?"

அது அவர் மனதில் தைத்தது. ஆனால் உறைகள் முடியட்டும் என்றார்.

அன்று மத்தியானம் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழுதிய உறை ஒன்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நேராக வைத்துப் பார்க்கும்போது அது யாரோ எழுதிய எழுத்து மாதிரி இருந்தது. தலைகீழாகத் திருப்பினார். உடனே அது அவள் எழுத்தாகிவிட்டது. இத்தனை வருஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். எந்த வளைவில் அவள் மூச்சை நிறுத்துவாள், எங்கே பேனாவை அழுத்துவாள், எங்கே தூக்குவாள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழாக மனப்பாடம்.

பேனாவை எடுத்து, வாலிலிருந்து தலைக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, ஒரு பெயரைக் கவிழ்த்துப் போட்டு எழுதினார். உறையைத் திருப்பிப் பார்த்தார். வால் நடுத்தரமாக, எழுத்து அசல் அவளுடையதாக இருந்தது.

அப்புறம் அவர் நிமிரவே இல்லை. அக்கா வந்து டீ வைத்துவிட்டுப் போனாள், ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போனாள். மீதியிருந்த உறைகள் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான், ஒன்றை எடுத்துப் பத்திரிகையை உள்ளே போட்டுப் பார்த்தார். பெயரை நேராகப் பிடித்தார். பத்திரிகை வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது.

எழுத்து அவளுடையதுதான். உறையை மேசையில் வைத்த கை மட்டும் அவருடையது. பசை தடவும்போது உறையின் வாய் தனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்து வைத்துப் பழகியவர், அதே பழக்கத்தில் வைத்துக்கொண்டு தலைகீழாக எழுதிவிட்டார். பெயர் நேராக நின்றால், உறையின் வாய் கீழே வந்துவிடுகிறது. அத்தனை உறையும் அப்படித்தான். ஊரிலேயே நல்ல மடிப்புக்காரர் செய்த காரியம்.

"நான் மை மேல கை வெச்சதையே சொல்லிக்காட்டுவா" என்று முணுமுணுத்துக்கொண்டார். "இதுக்கு என்ன சொல்லியிருப்பாளோ."

வாத்தியார் வந்து முதல் உறையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் சார்" என்றார். "இதுதான் அவங்க கை. சுளுக்கு போயிடுச்சு, கோவமும் போயிடுச்சு." உறையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளேயிருந்த பத்திரிகை அவர் செருப்பின் மேல் விழுந்தது.

இருவரும் கீழே பார்த்தார்கள்.

"புது மாடல்" என்றார் மடிப்புக்காரர். "இவதான் சொன்னா. பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பத்திரிகை தானா வந்து கையில விழணுமாம்."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுல ஒத்துக்குவாங்க" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மடிப்புக்காரர் அதுவரை பார்த்ததில்லை. "அவங்களுக்கு இந்த மாதிரி குறும்பெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

உறைகளைக் கைப்பைக்குள் அடுக்கி முடித்தவர், எழுதாத ஒரு உறையை மட்டும் தனியாக எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இதான் கடைசி. வீட்டுல கண்டிப்பா சொல்லி அனுப்பியிருக்காங்க. இது உங்க வீட்டம்மாவுக்கு. அவங்க கல்யாணத்துக்கு வரணும், முன்வரிசையில உக்காரணும். எங்க பக்கம் யாருக்கும் இந்தக் கை வராது, அதனால அவங்க பேரை அவங்களே எழுதிக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் வந்து முறைப்படி கையில குடுக்கறேன்."

மடிப்புக்காரர் அந்த உறையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை வாயைச் சரியான பக்கம் வைத்திருந்தார். மையைத் தொட்டார். கை அப்படியே நின்றது. ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் அந்த மேசையில் அவள் எழுதி அவர் பார்த்திருக்கிறார். அவள் தன் பெயரை எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை. யாருடைய கல்யாணத்துக்கும் அவள் தன்னையே கூப்பிட்டுக்கொண்டதில்லையே. அந்தப் பெயர் நேராகவும் வரவில்லை, தலைகீழாகவும் வரவில்லை. பேனா முனையில் மை காய்ந்ததுதான் மிச்சம்.

அவர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

"எங்கடா?" என்றாள் அக்கா.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஊரின் மறுகோடிக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். அம்மா, என்னை மன்னிக்கணும். உங்க கண்ணை முதல்ல புரிஞ்சுக்கிட்டவ அவதான். உங்களை நேர்ல பார்க்க ஆசைப்பட்டா, அதுக்குள்ள போயிட்டா. நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு இத்தனை நாளும் பொய் பேசினேன். இதை வாத்தியார் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த மனுஷனின் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் அந்த வீட்டிலும் அவள் இல்லாமல் போய்விடுவாள். அதற்கு மேல் அவளை வைத்திருக்க ஊரில் வேறு வீடு இல்லை.

மாடி வீடு. படியேறிக் கதவைத் தட்டினார். கல்யாணப் பெண்தான் திறந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது. பின்னால் நாற்காலி முழுக்கத் துணிகள் குவிந்திருந்தன.

"பத்திரிகைக் கடை அங்கிளா? உள்ள வாங்க. கவர் எல்லாம் பார்த்தேன், அவ்வளவு அழகு. அப்பா டெய்லர்கிட்ட போயிருக்காரே."

"தெரியும்மா. அவர் கிளம்பறதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்." எழுதாத உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு அம்மாவைப் பார்க்கணும். எங்க வீட்டு விஷயமா அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடறேன்."

பெண்ணின் முகத்தில் சிரிப்பு மெல்ல நின்றது. மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா நான் காலேஜ் சேர்ந்த வருஷமே போயிட்டாங்க, அங்கிள்" என்றாள். "தயவுசெஞ்சு ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் ஒருவழியா சமாதானமாயிட்டாங்கன்னு அப்பா இப்பத்தான் நிம்மதியா தூங்கறார்."